மாவடு

மாம்பிஞ்சை உப்புநீரில் ஊறவைக்கும் தமிழகத்து வீட்டு ஊறுகாய். வடுமாங்காய் என்றும் சொல்வர். மாசி, பங்குனி மாதங்களில் கொட்டை முற்றாத பிஞ்சுகள் சந்தைக்கு வரும்போதே போட்டுவிட வேண்டும். மதுரைப் பக்கத்தில் அழகர்மலை வடுவுக்குத் தனிப் பெயர் உண்டு.

காம்பைச் சிறிது விட்டு நறுக்கி, கழுவி, ஈரம் போகத் துணியில் உலர்த்துவர். அடிபட்ட பிஞ்சு ஒன்று கலந்தாலும் ஜாடி முழுதும் கெடக்கூடும் என்பதால், பொறுக்கி எடுப்பதே இதில் முக்கியமான வேலை. பிறகு விளக்கெண்ணெய் தடவிப் புரட்டி, 1 கிலோ வடுவுக்கு 150 முதல் 200 கிராம் கல்லுப்புச் சேர்த்துப் பீங்கான் ஜாடியில் இடுவர். தண்ணீர் ஊற்றுவதில்லை. உப்பு பிஞ்சிலுள்ள நீரை வெளியே இழுக்க, சில நாட்களில் தோல் சுருங்கி, வடு தன் நீரிலேயே மிதக்கும். தினமும் குலுக்கிவிடுவது அவசியம்.

சுவைக்குச் சேர்ப்பவை மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், கடுகுப்பொடி. இவற்றில் கடுகே மாவடுவின் உயிர். முழுக்கடுகில் அடங்கியிருக்கும் காரநெடி, பொடித்து ஈரம் பட்ட பிறகே வெளிப்படுகிறது. நுண்ணுயிர்கள் பெருகாமலும் அது ஓரளவு தடுக்கிறது. வறுத்தால் அந்த நெடி குறைந்துவிடும். ஆகவே பச்சைக் கடுகை வெயிலில் காயவைத்துப் பொடிப்பதே நல்லது. பெருங்காயம் சேர்ப்பது வீட்டுக்கு வீடு மாறும்.

ஈரக் கரண்டி படாவிட்டால் ஓராண்டு வரை கெடாது. தயிர்சாதத்துக்கு வடுவோடு அதன் நீரையும் விட்டுக்கொள்வர்.