‘பியூட்டிஃபுல்லி’யும் ஒரு சிவப்பு வட்டமும்

புனே அலுவலகத்தில் ஆணி பிடுங்குவது போக எனக்கு இன்னொரு வேலையும் உண்டு. வேலை கேட்டு வருகிறவர்கள் எழுதித் தரும் ஒரு பக்க ஆங்கிலத்தைத் திருத்துவது. சில வருடங்களுக்கு முன் நம்மூர்ப் பெண் ஒருத்தியின் தாள் வந்தது. தமிழ் மீடியத்தில் படித்தவள். மழைக்காலத்தில் தன் ஊர் மலை ‘லுக்ஸ் பியூட்டிஃபுல்லி’ என்று எழுதியிருந்தாள். சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு மதிப்பெண்ணைக் குறைத்தேன். ‘பியூட்டிஃபுல்’ என்றுதானே வரவேண்டும், இதுகூடத் தெரியாதா என்று ஒரு மிதப்பு.

போன மாதம் என் மகள் கேட்டாள். “அப்பா, வினைச்சொல்லை விளக்கினா ‘லி’ போடணும்னு மிஸ் சொன்னாங்க. ‘லுக்’ வினைச்சொல்தானே, அப்புறம் ஏன் ‘லுக்ஸ் பியூட்டிஃபுல்’?” எனக்குப் பதில் தெரியவில்லை. “அது அப்படித்தான்” என்று சமாளித்துவிட்டுத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் தெரிந்துகொண்டதுதான் இந்தப் பதிவு.

ஐம்புலன்களுக்கான வினைச்சொற்களை மூன்றாகப் பிரிக்கலாம். ஓகே விபெரி என்ற ஸ்வீடன் நாட்டு மொழியியலாளர் 1980களில் பல மொழிகளை ஒப்பிட்டுச் செய்த பிரிவு இது. தானாகக் காதில் விழுவது ‘ஹியர்’. நாமே முயன்று காது கொடுப்பது ‘லிசன்’. கேட்கப்படும் பொருள் எப்படி இருக்கிறது என்று சொல்வது ‘சவுண்ட்’. கண்ணுக்கு ‘சீ’, ‘லுக்’, மறுபடியும் ‘லுக்’. மூக்குக்கும் நாக்குக்கும் தோலுக்கும் ஒரே சொல்தான் மூன்று வேலையும் பார்க்கிறது: ஸ்மெல், டேஸ்ட், ஃபீல்.

தகராறு மூன்றாவது வகையில்தான். பால் ‘ஸ்மெல்ஸ்’ என்றால் பால் எதையும் முகரவில்லை, முகர்ந்தது நாம். ஆனால் வாக்கியத்தில் நாம் இல்லை. எழுவாய் இடத்தில் பால் உட்கார்ந்திருக்கிறது. பால் செய்யும் செயலைச் சொல்கிறோமா, பாலின் தன்மையைச் சொல்கிறோமா? செயல் என்றால் ‘லி’ வரவேண்டும். தன்மை என்றால் வரக்கூடாது. ஆங்கிலம் இதில் ஒரு முடிவுக்கு வரப் பல நூற்றாண்டுகள் ஆகியிருக்கின்றன.

பழைய ஆங்கிலத்தில், அதாவது சுமார் 1100க்கு முன், ‘ஸ்மெல்’ என்ற சொல்லே பதிவாகவில்லை. மணம் வீசுவதற்கு அவர்கள் சொன்னது ‘ஸ்டின்கன்’. இன்றைய ‘ஸ்டிங்க்’கின் பாட்டன். அன்று நல்ல மணத்துக்கும் அதே சொல்தான். நம் ‘நாற்றம்’ நினைவுக்கு வருகிறதா? பழந்தமிழில் பூவின் நறுமணமும் நாற்றம்தான். இரண்டு மொழியிலும் சொல் ஒரே பாதையில் சறுக்கியிருக்கிறது. ‘ஸ்டின்கன்’ என்பது மணத்தை வெளியே வீசும் செயல். அதனால் எப்படி வீசியது என்று வினையடை போட்டுச் சொல்வது இயல்பாகவே இருந்தது.

‘ஸ்மெல்’ 12ஆம் நூற்றாண்டு வாக்கில் தலைகாட்டுகிறது. எங்கிருந்து வந்தது என்பது இன்றும் புதிர். ‘சவுண்ட்’, ‘டேஸ்ட்’ இரண்டும் 1066ல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சு வழியாக வந்தவை. ‘டேஸ்ட்’ முதலில் தொட்டுப் பார்ப்பதையும் குறித்தது. ‘லுக்’ உள்ளூர்ச் சொல்தான். ஆனால் பழைய ஆங்கிலத்தில் அதற்குப் பார்ப்பது என்ற பொருள் மட்டுமே, தோற்றமளிப்பது பிற்பாடு ஒட்டிக்கொண்டது. இவற்றோடு சேர்த்துச் சொல்லப்படும் ‘சீம்’ வைக்கிங்குகளின் மொழியிலிருந்து வந்தது. அங்கே அதற்குப் பொருந்துவது என்று பொருள். திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஊருக்கு ஒருத்தராக வந்து ஒரே அறையில் தங்குவோமே, அந்த மாதிரி வெவ்வேறு ஊர்ச் சொற்கள் ஒரே இலக்கண அறைக்குள் வந்து சேர்ந்தன.

இதற்கிடையில் இன்னொரு விஷயம் நடந்தது. பழைய ஆங்கிலத்தில் பெயரடையின் கடைசியில் ஒரு ‘எ’ ஓசையைச் சேர்த்தால் பெரும்பாலும் வினையடை ஆகிவிடும். 1400ஐ ஒட்டிய காலத்தில் அந்தக் கடைசி ஓசை உச்சரிப்பிலிருந்து தேய்ந்து மறைந்தது. விளைவு, பல சொற்களில் பெயரடையும் வினையடையும் ஒரே உருவம். ‘ஹார்ட்’, ‘ஃபாஸ்ட்’ போன்றவை இன்றும் அப்படியே நிற்பது இதனால்தான். இனிய மணத்தைச் சொல்லும் ‘ஸ்மெல்ஸ் ஸ்வீட்’டில் இருப்பது பெயரடையா, வால் அறுந்த பழைய வினையடையா என்று உருவத்தை வைத்துச் சொல்லவே முடியாது.

இந்தக் குழப்பத்தில் வளர்ந்ததுதான் ‘லி’. உடல், உருவம் என்று பொருள்படும் ‘லீச்’ என்ற பழைய சொல்லின் மிச்சம் அது. வினையடைக்குத் தெளிவான அடையாளம் தேவைப்பட்டபோது அதன் ஆட்சி பரவியது. பிறகு இலக்கணக்காரர்கள் வந்தார்கள். பிற்பாடு லண்டன் பிஷப் ஆன ராபர்ட் லௌத் 1762ல் எழுதிய இலக்கணத்தில், பெயரடையை வினையடையாகப் பயன்படுத்துவது முறையல்ல என்றார். 1795ல் லிண்ட்லி மரே எழுதிய இலக்கணம் பள்ளிக்கூடங்களில் கொடிகட்டிப் பறந்தது. வினைக்குப் பக்கத்தில் ‘லி’ இல்லாவிட்டால் படிக்காதவன் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம் பரவ இது போதாதா? 18, 19ஆம் நூற்றாண்டு ஆங்கில எழுத்தில் ‘ஸ்மெல்ஸ் ஸ்வீட்லி’யும், ஒருவரின் தோற்றத்தைப் பாராட்டும் ‘லுக் நைஸ்லி’யும் தாராளமாகக் கிடைக்கின்றன. எழுதியவர்கள் இங்கிலாந்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள். அவர்கள் தாளில் யாரும் சிவப்பு வட்டம் போடவில்லை.

கடைசியில் பெயரடை வென்றது. இந்த வினைச்சொற்கள் கிட்டத்தட்ட ‘இஸ்’ போல வெறும் பாலமாக மாறிவிட்டதுதான் காரணம். நம் வீடுகளில் தூசி படிந்து கிடக்கும் ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணத்திலேயே இதற்குச் சோதனை உண்டு: வினைக்குப் பதில் ‘இஸ்’ போட்டுப் பார், பொருந்தினால் பெயரடை. நாய் ‘ஸ்மெல்ஸ் பேட்’ என்றால் அதைக் குளிப்பாட்ட வேண்டும். ‘ஸ்மெல்ஸ் பேட்லி’ என்றால் அதன் மூக்கில் கோளாறு. ஆனாலும் பஞ்சாயத்து முழுசாகத் தீரவில்லை. வருத்தப்படுவதைச் சொல்ல ‘ஃபீல் பேட்’டா, ‘ஃபீல் பேட்லி’யா என்று அமெரிக்கர்களே இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள்.

இப்போது அந்தத் தாளுக்கு வருகிறேன். தமிழில் மலை ‘அழகாக’ இருக்கிறது. ‘அழகான இருக்கிறது’ என்று யாராவது சொல்வோமா? சமையல் ‘நன்றாக’ இருக்கிறது, பாட்டு ‘இனிமையாக’ இருக்கிறது. எல்லாவற்றிலும் ‘ஆக’. அந்த ‘ஆக’வுக்கு ஆங்கிலத்தில் ‘லி’ போடு என்றுதான் நமக்கெல்லாம் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தப் பெண் சொன்ன பேச்சைக் கேட்டாள். தன் மொழியின் ஒழுங்கைத் தப்பாமல் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனாள். இன்றைய ஆங்கிலத்துக்கு அது தவறு, மறுக்கவில்லை. ஆனால் அது அறியாமை இல்லை. ஆங்கிலேயரே தடுமாறித் தாண்டிய அதே வாய்க்காலில் அவளும் கால் வைத்திருக்கிறாள், அவ்வளவுதான்.

மகளுக்கு ‘இஸ்’ சோதனையைச் சொல்லிக்கொடுத்தேன். இரண்டே நிமிடத்தில் பிடித்துக்கொண்டாள். அன்று அந்தத் தாளின் ஓரத்தில் நான் எழுதியிருக்க வேண்டியதும் அந்த இரண்டு வரிதான். அந்தப் பெண்ணுக்கு வேலை கிடைக்கவில்லை. என் வட்டம் மட்டுமே காரணமில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். பெயர்கூட மறந்துவிட்டது. வட்டம் மட்டும் மறக்கவில்லை.

இப்போதெல்லாம் பென்சிலில்தான் திருத்துகிறேன். பக்கத்தில் காரணமும் எழுதுகிறேன்.