மலையில்லாத ஊருக்கு மலைப் பட்டம்

கொச்சியில் மலை கிடையாது. கடலும் காயலும் தென்னையும்தான். ஆனாலும் 1416இல் சீனத்து மிங் பேரரசர் யோங்லே கொச்சி அரசருக்கு முத்திரை வழங்கி, அந்நாட்டு மலை ஒன்றுக்கு 'நாடு காக்கும் மலை' என்று பெயர் சூட்டினார். அதற்கென்று அவர் பெயரில் எழுந்த கல்வெட்டு வாசகம் மிங் அரச ஆவணங்களில் இன்றும் இருக்கிறது. மலாக்கா, ஜப்பான், புருணை ஆகியவற்றுக்கு அடுத்து இந்த மரியாதை கொச்சிக்குத்தான் கிடைத்தது.

பேரரசருக்கு இதில் என்ன லாபம்? தூரத்து மக்கள் பணியாவிட்டால் அரசன் தன் ஒழுக்கத்தால் அவர்களை ஈர்க்க வேண்டும் என்பது கன்பூசியஸ் வழிவந்த அரசியல் பாடம். யோங்லேவோ உள்நாட்டுப் போர் நடத்தி, 1402இல் அண்ணன் மகனிடமிருந்து அரியணையைப் பறித்தவர். விண்ணின் ஆணை தன் பக்கம் என்று ஊருக்குக் காட்டத் தூர தேசத்துத் தூதர்கள் அவருக்குத் தேவைப்பட்டார்கள். கொச்சிக்கும் ஒரு கணக்கு இருந்தது. வடக்கே கோழிக்கோட்டுச் சாமூதிரி வலுத்துக்கொண்டிருந்தார்; பெரிய இடத்து அங்கீகாரம் கசக்குமா?

ஒழுக்கம் பேசிய யோங்லேயின் கப்பல்களில் வீரர்களும் ஆயிரக்கணக்கில் வந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. 1411இல் அந்தக் கப்பல்களின் தளபதி செங் ஹ இலங்கை ஆட்சியாளர் அழகக்கோனாரைச் சிறைப்பிடித்து சீனாவுக்கே கொண்டுபோனார்.

1433க்குப் பிறகு அந்தக் கப்பல்கள் வரவில்லை. செலவு அதிகம் என்று அரசவை அதிகாரிகள் முகம் சுளித்தார்கள்; வடக்கே மங்கோலியர் தொல்லை வேறு. 1503இல் சாமூதிரியின் படை கொச்சிக்குள் புகுந்தபோது மலைப் பட்டம் உதவிக்கு வரவில்லை. கொச்சி அரசர் போர்த்துக்கீசியரைத்தான் நம்பினார். அவர்கள் அதே ஆண்டு அங்கே கோட்டை கட்டினார்கள், பிறகு 1663 வரை கிளம்பவே இல்லை.

அதே கொச்சியில், மட்டாஞ்சேரிக்கு எதிரே இருக்கும் வில்லிங்டன் தீவு பட்டம், மரியாதை எதுவும் இல்லாமல் வேறு வழியில் உருவானது. 1920இல் வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ முகத்துவாரத்து மணல்திட்டை வெட்டி ஆழப்படுத்தினார். தூர்வாரிய மண்ணைக் கொட்டித் தீவை எழுப்பினார். மண்ணை அள்ளுவதைவிடக் கடினம் அரசுகளை ஒரே மேசைக்குக் கொண்டுவருவது. சென்னை மாகாணம், கொச்சி, திருவிதாங்கூர், இந்திய அரசு ஆகிய நான்கும் செலவையும் சுங்க வருவாயையும் பற்றிப் பேரம் பேசி, எழுதிக் கையெழுத்திட்டன. 1928 மே 26 அன்று 'பத்மா' என்ற கப்பல் உள்துறைமுகத்துக்குள் நுழைந்தது. இந்தத் துறைமுக வேலையை நடத்தியதும் ஒரு பேரரசுதான், பிரிட்டிஷ் பேரரசு. தர்மப் பிரபு ஒன்றுமில்லை. ஆனால் யாருக்கு எவ்வளவு என்பது காகிதத்தில் இருந்தது.

2017 மே மாதம் பெய்ஜிங்கில் நடந்த பட்டுப்பாதை மாநாட்டில் சீன அதிபர் ஷி ஜின்பிங் செங் ஹவை நட்பின் தூதராக நினைவுகூர்ந்தார். அழகக்கோனார் கதை அதில் இல்லை. அதே ஆண்டு ஜூலையில் இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகத்தைச் சீன நிறுவனம் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது. கன்பூசியஸின் பாடத்தை இன்றைய அரசுகள் தாராளமாகப் படிக்கட்டும். நட்பு, மரியாதை என்று யார் பேச வந்தாலும் ஒப்பந்தத்தின் வாசகத்தையும் சேர்த்தே படிக்கட்டும்.