சால்வையின் முகமும் முதுகும்: உருவச் சித்திரங்களைச் சரித்திரச் சான்றாகக் கொள்வது குறித்து

காஷ்மீரத்துச் சால்வையின் சரித்திரத்தை எழுதப் புகுந்த ஆசிரியர்கள், சால்வைகளைக் காட்டிலும் சால்வை அணிந்தோரின் சித்திரங்களையே பெரிதும் நம்பியிருக்கின்றனர். அதற்குக் காரணம் இல்லாமலும் இல்லை. ஆட்டின் அடிமயிரால் ஆன இழை பூச்சிக்கு எளிதில் இரையாவது. விலை மிகுந்த வஸ்திரமாதலின், உடல் நைந்த பின்னரும் அதன் முந்தியை வெட்டி எடுத்து வேறொரு துணியில் வைத்துத் தைத்துக் கொள்வது பல இடங்களிலும் வழக்கமாயிருந்தது. நெய்த ஆண்டைத் தன்மேல் தாங்கிய பழைய சால்வையோ மிக அரிது. ஓவியத்திற்கு, அதிலும் ஐரோப்பிய ஓவியத்திற்கு, ஆண்டு உண்டு; வரைந்தவன் பெயரும், பெரும்பாலும் அமர்ந்தவள் பெயரும் உண்டு. 1955-இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் வாயிலாகச் சால்வைகளைப் பற்றிச் சிறு நூலொன்றை வெளியிட்ட ஜான் இர்வின், 17-ஆம் நூற்றாண்டில் வேரோடு கூடிய ஒற்றைப் பூஞ்செடியாக இருந்த புட்டா என்னும் பூவுருவம், பின்னர்ப் பூங்கொத்தாகத் திரண்டு, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நுனி வளைந்த மாங்காயாக இறுகிய வளர்ச்சியை வகுத்துக் காட்டிய போது, அந்த வரிசைக்கு ஓவியங்களும் முக்கியமான பிரமாணங்களாக அமைந்தன. அவர் வகுத்த வரிசை பொதுவாக இன்றும் நிலைபெற்றே இருக்கிறது; அதனை மறுப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஓவியமும், அதன்பின் வந்த நிழற்படமும், சால்வையைப் பற்றி எதைச் சொல்லத் தகுதியுள்ள சாட்சிகள், எதைச் சொல்லத் தகுதியற்றவை என்பதே ஈண்டு விசாரணைக்குரியது.

முதலில் தறியைக் காண்போம். 1822-ஆம் ஆண்டு ஸ்ரீநகரத்தை அடைந்து பல மாதங்கள் அங்கே தங்கிய வில்லியம் மூர்கிராஃப்ட், குதிரை வாங்கவும் வணிகவழி காணவும் புறப்பட்ட ஒரு கால்நடை மருத்துவர்; ஆயினும் சால்வைத் தொழிலைப் பற்றி அவர் விட்டுச் சென்ற குறிப்புகளுக்கு நிகரானவை அக்காலத்தில் வேறில்லை. நக்காஷ் என்னும் சித்திரக்காரன் கருப்பு வெள்ளையில் உருவை வரைய, நிறங்களையும் இழைகளின் எண்ணிக்கையையும் ஒருவன் அடியிலிருந்து வரிவரியாகச் சொல்லிச் செல்ல, மற்றொருவன் அதனைத் தனிக்குறிகளால் எழுதிக் கொள்ள, அந்த ஏட்டைப் பார்த்தே நெசவாளன் நெய்தான். ஊடையை ஒரு கரையிலிருந்து மறு கரை வரை ஓட்டும் நாடா அங்கே இல்லை. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சிறு மரக்குச்சி. நிறம் முடியும் இடத்தில் அந்த இழை அடுத்த நிறத்து இழையோடு பின்னித் திரும்பும். கானி என வழங்கும் இம்முறையில் சால்வையின் முகம் கீழ்நோக்கியும், முதுகு நெசவாளனின் கண்ணெதிரேயும் இருந்தன. வேலைப்பாடு மிகுந்த சால்வை ஒரே தறியில் ஒன்றரை ஆண்டு வரை கிடந்ததுண்டு. அத்தனை காலமும் அவன் பார்த்துக் கொண்டிருந்தது உலகத்தார் பார்க்க வேண்டாத பக்கத்தையே.

இனி அரண்மனைக்கு வருவோம். அக்பர் 1586-இல் காஷ்மீரத்தைத் தம் ஆட்சிக்குள் கொண்டுவந்தார். அவருடைய அவைச் சரித்திரக்காரர் அபுல் ஃபசல் தம் ஐன்-இ-அக்பரியில் சால்வைக்கென ஒரு பகுதியே ஒதுக்கியிருக்கிறார். முன்னாளில் மக்கள் சால்வையை நான்காக மடித்து அணிந்தனர். தம் காலத்தில் மடியாமல் தோளின்மேல் இட்டுக் கொள்கின்றனர். பாதுஷாவோ இரட்டையாக அணியும் வழக்கத்தைத் தொடங்கியிருக்கிறார். அது பார்வைக்கு மிக நன்றாயிருக்கிறது என்னும் பொருள்பட அவர் எழுதுகிறார். சபைக் குறிப்பு என்று இதனை நாம் கடந்து போகலாகாது. மடித்து அணிந்த சால்வையில் முந்தி மறையும். தோளில் இட்ட சால்வையில் முந்தி தொங்கும். முதுகும் முதுகும் உள்ளே பொருந்த இரண்டைச் சேர்த்து அணிந்தாலோ எந்தப் பக்கம் புரண்டாலும் முகமே தெரியும். மடிப்பு அவிழ்ந்ததும் முதுகு ஒளிந்ததும் ஒரு தலைமுறைக்குள் நிகழ்ந்தன. சித்திரத்தில் சால்வை விசேஷம் பெற்றதும் அதன் பின்னரே. ஜஹாங்கீர், ஷாஜஹான் காலத்து உருவப் படங்களில், பக்கவாட்டில் நிற்கும் பிரபுவின் மேல் காணும் சால்வையைக் கூர்ந்து நோக்கினால், துணி வளைகின்ற இடத்திலும் பூக்கள் வளையாமல் நேராகவே நிற்பதைப் பல படங்களில் காணலாம். ஓவியனுக்குத் துணியின் கனம் பொருட்டல்ல. முந்தியில் வரிசையாக நின்ற பூக்களே பொருட்டு. பாதுஷாவிடமிருந்து பெற்ற கிலாத்தாகிய மரியாதை உடையைத் தரித்து நிற்பவன், தான் எத்தகைய கொடைக்கு உரியவனானான் என்பதைச் சபையறியக் காட்ட வேண்டும். அதனைக் காட்ட முந்தி போதும். 1665-இல் ஔரங்கசீப்பின் பரிவாரத்தோடு காஷ்மீரம் சென்ற பிரெஞ்சுப் பயணி பெர்னியர், சால்வையின் இரு முனைகளிலும் ஓரடி அளவே வேலைப்பாடு இருந்ததாகக் குறித்துள்ளார். ஓவியன் காட்டியதும் ஏறக்குறைய அந்த ஓரடியைத்தான்.

பிரான்சு தேசத்தில் இவ்விஷயம் வேறு கோலம் கொண்டது. நெப்போலியனின் எகிப்துப் படையெடுப்பில் சென்ற தளகர்த்தர்கள் சால்வைகளைக் கொண்டு வந்தனர் என்பது யாவரும் அறிந்ததே. மெல்லிய வெண்துகிலே அக்காலத்துப் பாரிஸ் மாதரின் உடையாக இருந்தமையால், குளிருக்கும் அழகுக்கும் ஒருங்கே உதவிய இப்போர்வை சில ஆண்டுகளில் செல்வத்தின் அடையாளமாயிற்று. குரோ 1809-ஐ ஒட்டி வரைந்த ஜோசபின் அரசியின் உருவப்படத்தில் சால்வை போர்வையாக மட்டும் இல்லை. ஒரு சால்வையையே வெட்டி அங்கியாகத் தைத்து, முந்தியிலிருந்த பெரும் புட்டாக்கள் காலடியில் வரிசையாக நிற்கும்படி அமைத்து, அதன்மேல் மற்றொன்றைத் தோளிலிருந்து குறுக்கே இட்டிருக்கிறார்கள். சால்வையை நெய்தவனுக்கு இது கொலையாகத் தோன்றியிருக்கும். ஆங்கிர் 1806-ஆம் ஆண்டுக் கண்காட்சிக்கு அனுப்பிய ரிவியேர் சீமாட்டியின் படம் இதனினும் நுட்பமானது. நீள்வட்டச் சட்டத்துக்குள் சாய்ந்திருக்கும் அம்மாதின் கையைச் சுற்றி வழிந்து வரும் வெண்மஞ்சள் நிறச் சால்வை, அவளுடைய உடலுக்கும் சட்டத்தின் வளைவுக்கும் இடையே ஒரு நதியைப் போல் ஓடுகிறது. இங்கே மடிப்புக்கும் முந்திக்கும் சமமான மதிப்பு அளிக்கப்பட்டிருக்கிறது. மொகலாய ஓவியன் ஒதுக்கிய கனத்தை ஆங்கிர் மீட்டெடுத்தார் எனலாம். ஆயினும் புட்டாக்களை அவர் மடிப்பில் புதைய விடவில்லை. அவற்றின் உருவமும் நிறமும் புலப்படும்படியே துணியைத் திருப்பியிருக்கிறார். கொடையைக் காட்டிய முந்தி இப்போது உடைமையைக் காட்டியது. காட்டும் பக்கம் மட்டும் மாறவில்லை.

இத்தகைய படங்களைக் கொண்டு சால்வைக்குக் காலம் கணிப்பதில் உள்ள முதல் இடர் வெளிப்படையானது. படத்தின் ஆண்டு அணிந்த ஆண்டேயன்றி நெய்த ஆண்டு ஆகாது. தாயிடமிருந்து மகளுக்குச் செல்வதும், ஓவியனின் அறையில் பல உருவங்களுக்குப் பொதுவாகத் தொங்குவதும் சால்வைக்கு இயல்பே. ஆகவே ஒரு புட்டா இந்த ஆண்டுக்குப் பின் தோன்றியிருக்க முடியாது என்று படம் உறுதி கூறும். எவ்வளவு முன்னே தோன்றியது என்று கூறாது. இர்வின் போன்றோர் இதனை அறியாதவர் அல்லர்.

இரண்டாவது இடரே பெரிது; அதனைப் போதிய அளவு யாரும் வற்புறுத்தவில்லை என்பது என் அபிப்பிராயம். 19-ஆம் நூற்றாண்டு தொடங்கிய சில ஆண்டுகளுக்குள், காஷ்மீரச் சால்வை என ஒரே பெயரால் வழங்கியவை ஒன்றோடொன்று பிறப்பால் வேறுபட்ட மூன்று வகைப் பொருள்களாகி விட்டன. தறியிலேயே பூ நெய்த கானி முதலாவது. வெற்றுத் துணியின்மேல் ஊசியால் பூத்தையல் இட்ட அம்லிகார் இரண்டாவது. கான்ஸ்டாண்டிநோபிள் வணிகர் சார்பில் வந்த கவாஜா யூசுப் என்னும் ஆர்மீனியர் 1803-ஐ ஒட்டி இதனைத் தொடங்கி வைத்தார் என்றும், செலவு குறைந்ததோடு நெய்த சால்வைக்குரிய வரியிலிருந்தும் இது தொடக்கத்தில் தப்பியது என்றும் மூர்கிராஃப்ட் எழுதுகிறார். எடின்பரோ, நார்விச், பெய்ஸ்லி, லியோன் முதலிய நகரங்களில் நெய்து, பிற்பாடு ஜக்கார்டு இயந்திரத்தால் பெருகிய ஐரோப்பியச் சால்வை மூன்றாவது. இம்மூன்றையும் பிரித்தறிய விரும்புபவன் செய்ய வேண்டுவது ஒன்றே: சால்வையைப் புரட்ட வேண்டும். நிறங்கள் சந்திக்கும் இடத்தில் இழைகள் பின்னிய மெல்லிய வரப்பு தட்டுப்படின் கானி. தையல் தெரியின் அம்லிகார். வெட்டி நீக்கிய மிதவை இழைகளின் முனைகள் சுனைபோல் நின்றால் இயந்திரம் நெய்தது. ஓவியத்தைப் புரட்டினால் கித்தான்தான் தெரியும். ஹோல்மன் ஹன்ட் 1853-இல் வரைந்து முடித்த, மனச்சாட்சி விழித்தெழுந்த பெண்ணின் படத்தில் அவள் இடையைச் சுற்றிக் கட்டியிருக்கும் சால்வையையோ, மோனே 1868-இல் வரைந்த கோதிபேர் சீமாட்டியின் மேல் கிடக்கும் சால்வையையோ ஸ்ரீநகரத்தது, பெய்ஸ்லியது எனத் தீர்த்துரைக்கப் படம் மட்டும் நமக்கு உதவுவதில்லை. கோதிபேர் சீமாட்டியின் முகமோ நம்மை விட்டுத் திரும்பியிருக்கிறது. ஆளை மறைத்து ஆடையைக் காட்டிய உருவப்படம் என்று அதனைச் சொல்வது மிகையாகாது.

நிழற்படம் வந்தபோது சாட்சியின் இயல்பே மாறிற்று. 1851-இல் ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரக் கொல்லோடியன் முறை, நீல ஒளிக்கு மிகவும் இணங்குவது. சிவப்புக்கு ஏறக்குறைய குருடு. காஷ்மீரச் சால்வையின் சிறப்போ சிவப்பில் இருந்தது. கருஞ்சிவப்புத் தரை படத்தில் கருப்பாயிற்று. அதன்மேல் மஞ்சளால் ஆன கொடிகளும் இருண்டு தரையோடு கலந்தன. நீலம் மட்டும் வெளிறித் துருத்தி நின்றது. இடைவெளியின்றிப் புட்டா நிறைந்த அக்காலத்துச் சால்வை, டிஸ்டெரி 1854-இல் உரிமம் பெற்ற சிறு அட்டைப் படங்களில், இன்னதென்று அறிய இயலாத சாம்பல் நிறப் பரப்பாகவே எஞ்சியது. ஆகவே நிழற்படத்தில் முந்தி தன் அதிகாரத்தை இழந்தது; மொகலாய ஓவியன் ஒதுக்கிய மடிப்பு அரியணை ஏறியது. விக்டோரியா காலத்துப் பெண்கள் வளையம் வைத்த அகன்ற பாவாடைக்கு மேல் பெருஞ்சால்வையை முக்கோணமாக மடித்துப் போர்த்து நிற்கும் படங்களில், நாம் காண்பது ஒரு மலைச்சரிவின் உருவமேயன்றி நெசவன்று. இத்தகைய படங்களைக் கொண்டு புட்டாவின் வளர்ச்சியை ஆராய்வது பயனற்ற முயற்சி. சால்வையை எப்படி உடுத்தனர், எவ்வளவு அகலம், பாவாடை பின்புறம் திரண்டு உயர்ந்த 1870-ஐ ஒட்டி அது ஏன் ஒவ்வாததாயிற்று என்பவற்றுக்கு இவற்றைவிடச் சிறந்த பிரமாணம் இல்லை.

இந்த மாறுதலை உணர்ந்து பயன்கொண்டவர் ஜூலியா மார்கரெட் கேமரன். கல்கத்தாவில் 1815-இல் பிறந்து, நாற்பத்தெட்டு வயதில் முதல் நிழற்படக் கருவியைப் பெற்ற அவர், வைட் தீவில் தம் வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியரின் தலைமேல் துணியை முக்காடிட்டுத் தேவமாதாவாக ஆக்கினார். அவருடைய படங்களில் போர்வைக்கு ஊரும் விலையும் கிடையா. கொடையையோ உடைமையையோ சுட்டாமல், இத்தாலியச் சமயச் சித்திரங்களின் நினைவை எழுப்பும் வெறும் மடிப்பாக அது நிற்கிறது. கணவருடைய காப்பித் தோட்டங்கள் இருந்த இலங்கைக்கு அவர் 1875-இல் குடியேறிய பின்னும் இக்கொள்கை மாறவில்லை. களுத்துறையில் அவரைக் காண வந்த ஓவியர் மேரியன் நார்த், தம்மை அவர் காஷ்மீரக் கம்பளித் துணியால் போர்த்தி, கூந்தலை அவிழ்த்துவிட்டு, தென்னங்கீற்றுகள் தலையில் குத்த, நண்பகல் வெயிலில், வெப்பமானி 96 பாகை காட்டும் வேளையில், இயல்பாக இருக்கும்படி பணித்ததைத் தம் நினைவுக் குறிப்புகளில் சிரிப்போடு எழுதியிருக்கிறார். பனிநாட்டு ஆட்டின் மயிர் அங்கே உடுத்துவதற்குரிய பொருளாக எந்தக் காரணத்தாலும் இருந்திருக்க முடியாது. அது முழுவதும் படத்துக்காகவே இருந்தது. அதே காலத்தில், அதே கருவியால், தோட்டங்களிலும் அருகூர்களிலும் வாழ்ந்த எளிய மக்களையும் அவர் படம் எடுத்தார். அவர்களுள் தென்னிந்தியாவிலிருந்து கூலி வேலைக்குச் சென்ற தமிழரும் உண்டு. அவர்களுள் பலர் தம் சொந்தத் துணியோடு நிற்கக் காண்கிறோம். துரைசானிக்கு வேடமும் கூலிக்காரிக்கு அவளுடைய துணியும் என்று நேர்ந்த இந்தப் பாகுபாட்டினால், சரித்திரக்காரனுக்குப் பயன்படும் ஆடைச் சான்று பின்னவளிடமே கிடைக்கிறது என்பது விநோதமே.

நிறம் மீண்ட பின் நிழற்படம் பழைய ஓவியத்தின் வேலையையும் ஏற்றது. நிக்கோலஸ் முரே 1939-இல் வண்ணத்தில் எடுத்த ஃப்ரிடா காலோவின் படம், அவர் போர்த்திய ரெபோசோ என்னும் மெக்சிகோ நாட்டுச் சால்வையின் செந்நீல நிறத்தைக் கொண்டே பெயர் பெற்றிருக்கிறது. அங்கே துணி மறுபடியும் அணிந்தவளின் பிரகடனம் ஆகிறது.

காஷ்மீரத்துக்கே திரும்பினால், பட உலகில் சால்வை உச்சத்தில் நின்ற 19-ஆம் நூற்றாண்டின் அந்த நடு ஆண்டுகளிலேயே தறி உலகில் நிகழ்ந்தவை வேறு. 1846-ஆம் ஆண்டு அமிர்தசரஸ் உடன்படிக்கையால் காஷ்மீரத்தைப் பெற்ற குலாப் சிங், ஆண்டுதோறும் ஒரு குதிரை, பன்னிரண்டு ஆடுகள், மூன்று ஜோடிச் சால்வைகள் ஆகியவற்றை ஆங்கிலேய அரசுக்குச் செலுத்த இசைந்தார். வரிச்சுமை தாங்காத நெசவாளர் 1865 ஏப்ரல் 29-இல் ஸ்ரீநகரத்தில் திரண்டெழுந்த போது படை அவர்கள்மேல் ஏவப்பட்டுப் பலர் மாண்டனர். 1870-இல் மூண்ட பிரெஞ்சு–பிரஷ்ய யுத்தத்தோடு பாரிஸ் சந்தை சரிந்தது. 1877 முதல் 1879 வரை வாட்டிய பஞ்சம் எஞ்சிய தறிகளில் பெரும்பாலானவற்றை வெறுமையாக்கிற்று. இவற்றுள் எதனையும் உருவப்படங்கள் அறிவிக்கவில்லை. அறிவிக்கும் என எதிர்பார்ப்பதும் முறையன்று. 1867-இல் வெளியான தம் தொகுப்பில் சால்வைத் தறிக்கூடத்தையே ஒரு படத்துக்குப் பொருளாக்கிய ஓவியர் வில்லியம் சிம்ப்சனைப் போன்றவர் மிகச் சிலரே.

ஆகவே இத்துறையில் நான் வேண்டுவது சிறிய சீர்திருத்தமே. அருங்காட்சியகங்கள் தம் சால்வைகளை முகம் மேல்நோக்கி விரித்துக் கண்ணாடிக்குள் வைக்கின்றன. அச்சிடும் பட்டியல்களிலும் முகத்தையே வெளியிடுகின்றன. ஒவ்வொரு சால்வைக்கும் முதுகின் படம் ஒன்றை, இழை எண்ணத்தக்க அளவில் பெரிதாக்கி, முகத்தின் படத்துக்கு அருகிலேயே அச்சிட வேண்டும். ஒட்டுத் தையலையும் வரப்புகளையும் அளந்து குறிக்க வேண்டும். 1860-களை ஒட்டி வந்த இருமுகச் சால்வைகளுக்கு இரு பக்கங்களையும் தனித்தனியே காட்ட வேண்டும். அவ்வாறு ஒரு நூறு சால்வைகளின் முதுகுகள் வரிசைப்பட்ட பின்னர், ஆங்கிரின் படத்தையும் குரோவின் படத்தையும் மீண்டும் எடுத்து வைத்துக் கொண்டு, அவற்றிலுள்ள முந்தி எந்த வகைத் தறிக்கு இயலும், எதற்கு இயலாது என்று கேட்கத் தொடங்கலாம்.