வரலாற்றுத் தோட்டங்களும் தோட்டக்காரர் கல்வியும்

வரலாற்றுத் தோட்டம் என்பது ஒரு காலத்தின் வழிபாட்டையும் வாழ்க்கையையும் ரசனையையும் காட்டி நிற்கும் பழைய தோட்டம். கோயில் நந்தவனம், அரண்மனைத் தோட்டம், ஆங்கிலேயர் காலத் தாவரவியல் பூங்கா ஆகியவை இதில் அடங்கும். கற்கோயில் நூறாண்டு கவனிப்பின்றிக் கிடந்தாலும் அதன் அமைப்பு புலப்படும். தோட்டமோ தண்ணீரும் கவாத்தும் இல்லாமல் சில கோடைகளைக்கூடத் தாங்காது. ஆகவே ஒரு தோட்டத்தின் வரலாறு, அதைப் பேணியவர்கள் தொழிலைக் கற்ற வரலாறும் ஆகும். நாஞ்சில் நாட்டில் இந்தக் கல்வி எந்த நிலையில் உள்ளது என்பதை அறிய, முதலில் அது மற்ற இடங்களில் வளர்ந்த விதத்தைக் காண வேண்டும்.

நந்தவனமும் பரம்பரைக் கல்வியும்

தமிழகத்தில் தோட்டப்பணி வழிபாட்டின் ஒரு பகுதியாக மதிக்கப்பட்டது. பெரியாழ்வார் ஸ்ரீவில்லிபுத்தூரிலும், தொண்டரடிப்பொடியாழ்வார் திருவரங்கத்திலும் நந்தவனம் அமைத்துப் பூமாலை சாத்தியவர்கள் என்பது வைணவ மரபு. நந்தவனத்துக்கென விடப்பட்ட நிலத்தைக் கல்வெட்டுகள் 'திருநந்தவனப்புறம்' என்று குறிப்பிடுகின்றன. அந்த நிலத்தின் விளைச்சலே தோட்டம் பார்ப்பவர்களின் வாழ்வாதாரம்.

இந்த ஏற்பாடு மறைமுகமாக ஒரு பள்ளிக்கூடமாகவும் இருந்தது. நிலமும் பணியும் ஒரே குடும்பத்தில் தொடர்ந்ததால், பாத்தி கட்டுவதையும் பதியன் போடுவதையும் பூப்பறிக்கும் வேளையையும் தந்தையிடமிருந்து மகன் கற்றான். எழுத்தில் எதுவும் இல்லை. குடும்பம் பணியை விட்டால் அந்த அறிவும் அதோடு போகும்.

நாஞ்சில் நாடு அடங்கிய திருவிதாங்கூரில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு பெரிய மாற்றம் வந்தது. ரெசிடெண்டாகவும் 1811 முதல் 1814 வரை திவானாகவும் இருந்த கர்னல் மன்றோ, பல கோயில்களையும் அவற்றின் நிலங்களையும் அரசின் நிர்வாகத்தில் கொண்டுவந்தார். கோயில் செலவுகளை அரசு ஏற்றது. நிலத்தோடு பிணைந்திருந்த பணிகள் மெல்லச் சம்பளப் பணிகளாக மாறின. நிர்வாகத்துக்கு இது ஒழுங்கைத் தந்தது. ஆனால் சம்பளத்துக்கு வருபவருக்குத் தொழிலைக் கற்றுக்கொடுப்பது யார் என்ற கேள்வி அப்போதே பிறந்துவிட்டது.

கியூவிலிருந்து வந்தவர்கள்

இதே கேள்விக்கு இங்கிலாந்து வேறொரு விடை கண்டது. லண்டனை அடுத்த கியூ தாவரவியல் பூங்கா, தோட்டக்காரர்களைப் பயிற்றுவிக்கும் இடமாகவும் வளர்ந்தது. பகலில் தோட்டவேலை, மாலையில் தாவரவியல் விரிவுரை என்ற முறை அங்கு 19ஆம் நூற்றாண்டில் உருவானது. 1896இல் பெண்களும் அங்கே தோட்டக்காரர்களாகச் சேர்க்கப்பட்டார்கள்.

கியூவில் பயின்றவர்கள் இந்தியாவுக்கும் வந்தார்கள். 1848இல் வந்த வில்லியம் கிரஹாம் மெக்கைவர் உதகமண்டலம் தாவரவியல் பூங்காவை வடிவமைத்தார். 1858இல் வில்லியம் நியூ பெங்களூரு லால்பாக்கின் பொறுப்பை ஏற்றார். லால்பாக் 1760இல் ஹைதர் அலி தொடங்கி, திப்பு சுல்தான் விரிவாக்கிய தோட்டம். பின்னர் ஜான் கேமரூனும், 1908இல் ஜெர்மானியரான கிரும்பிகலும் அதை வளர்த்தார்கள்.

இந்தத் தோட்டங்களில் குழி தோண்டியவர்களும் நாற்று நட்டவர்களும் உள்ளூர்க்காரர்கள். செடியின் அறிவியல் பெயரும் திட்டமிடும் பொறுப்பும் மேலாளரிடம் இருந்தன. கியூவில் பயிற்சி பெற்ற எச். சி. ஜவராயா 1932இல் லால்பாக்கின் முதல் இந்தியத் தலைவரானார். நியூ வந்ததிலிருந்து அதற்கு 74 ஆண்டுகள் பிடித்தன. அவருக்குப் பின் வந்த எம். எச். மரிகவுடா, மாநிலத் தோட்டக்கலைத் துறையையே வளர்த்தெடுத்தார். இன்று லால்பாக்கில் விவசாயக் குடும்பப் பிள்ளைகளுக்குப் பத்து மாதத் தோட்டக்கலைப் பயிற்சி நடைபெறுகிறது. பழைய தோட்டமே வகுப்பறையானதற்கு இது அருகிலுள்ள நல்ல உதாரணம்.

புளோரன்ஸ் சாசனம்

1981இல் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் வரலாற்றுத் தோட்டங்களுக்கான சாசனம் ஒன்று வரையப்பட்டது. உலக நினைவுச்சின்னப் பாதுகாப்பு அமைப்பு அதை 1982இல் ஏற்றது. வரலாற்றுத் தோட்டம் உயிருள்ள நினைவுச்சின்னம் என்கிறது அச்சாசனம். அதன் 24ஆம் பிரிவு, இத்தோட்டங்களுக்குப் பயிற்சி பெற்றவர்களின் இடைவிடாத கவனிப்பு தேவை என்றும், அந்தப் பயிற்சிக்கு ஏற்பாடு செய்ய வேண்டும் என்றும் கூறுகிறது. வரலாற்றாசிரியர், கட்டடக்கலைஞர், தாவரவியலாளர் ஆகியோருடன் தோட்டக்காரரையும் ஒரே வரிசையில் வைத்தது இதன் சிறப்பு.

இந்தியத் தொல்லியல் துறையிலும் ஆக்ராவைத் தலைமையிடமாகக் கொண்ட தனித் தோட்டக்கலைப் பிரிவு உள்ளது. தாஜ்மஹால் போன்ற சின்னங்களைச் சூழ்ந்த தோட்டங்கள் அதன் பராமரிப்பில் உள்ளன.

நாஞ்சில் நாட்டின் நிலை

1956 நவம்பர் 1இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டுடன் இணைந்தது. பத்மநாபபுரம் அரண்மனை மட்டும் கேரளத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் தொடர்கிறது. உதயகிரிக் கோட்டைக்குள் உள்ள பல்லுயிர்ப் பூங்காவை வனத்துறை நடத்துகிறது. மாவட்டத்தின் 490 கோயில்கள் அறநிலையத் துறையின் கீழ் உள்ளன. இப்படிப் பொறுப்பு பல துறைகளில் பிரிந்திருப்பதால், தோட்டக்காரர் பயிற்சி எந்தத் துறைக்கும் தனிக் கடமையாவதில்லை.

கற்றுக்கொடுக்கும் இடங்கள் அருகிலேயே இருக்கின்றன. பேச்சிப்பாறையில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும், திருப்பதிசாரத்தில் வேளாண் அறிவியல் நிலையமும், கன்னியாகுமரியில் அரசுப் பழத்தோட்டமும் உள்ளன. இவற்றின் முதன்மை நோக்கம் பயிர் வளர்ப்பு. பழைய தோட்டத்தைப் பேணுபவருக்கு அதோடு வரலாற்று அறிவும் வேண்டும்.

ஓர் உதாரணம் பார்க்கலாம். தோவாளைச் சந்தையில் குவியும் கேந்தியும் வாடாமல்லியும் சம்பங்கியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. ஐரோப்பியர் கடல்வழி வந்த பிறகே இங்கு பரவியவை. சோழர், பாண்டியர் கால நந்தவனத்தை மீட்க நினைப்பவர் இவற்றை நட்டால் அது அழகான தோட்டமாகலாம். அக்காலத் தோட்டம் ஆகாது. செவ்வரளி நம் நாட்டில் தொன்மையானது, பொன்னரளி பின்னர் வந்தது. இந்த வேறுபாடு தெரிந்தால்தான் எதை நடுவது, எதை விடுவது என்று முடிவு செய்ய முடியும். மதில் இடுக்கில் முளைக்கும் ஆலங்கன்றை எப்போது, எப்படி அகற்றுவது என்பதும் இத்தகைய பாடமே. தாமதித்தால் வேர் கல்லைப் பிளந்துவிடும்.

இதற்குப் பெரிய கட்டடமோ புதிய கல்லூரியோ தேவையில்லை. பிச்சியைக் கவாத்து செய்யும் பருவமும் தெச்சி, நந்தியாவட்டையைப் பதியன் போடும் முறையும் அறிந்த மூத்த தோட்டக்காரர்கள் கைத்தொழிலைக் கற்றுத்தரலாம். ஆராய்ச்சி நிலையத்தார் தாவரவியலையும், வரலாறு படித்தவர்கள் கல்வெட்டுச் செய்திகளையும் சொல்லித்தரலாம். முடிவில் ஒரு சான்றிதழும், அதற்கேற்ற பணியிடமும் சம்பளமும் வேண்டும். இவை இல்லாவிட்டால் படித்த இளைஞர் இத்தொழிலுக்கு வரமாட்டார். தோவாளை மாணிக்கமாலைக்கு 2025இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மாலை தொடுப்பவரின் திறமைக்குக் கிடைத்த இந்த அங்கீகாரம், பூச்செடியைப் பேணுபவரின் அறிவுக்கும் உரியது. அந்த அறிவு பெரும்பாலும் முதியவர்களிடமே எஞ்சியிருக்கிறது. அவர்கள் இருக்கும்போதே அடுத்த தலைமுறை அதைக் கற்றாக வேண்டும்.