கொழும்பு இட்ட பெயர்கள்

கொழும்புக் கோட்டைக்குத் தெற்கே கொம்பனித்தெரு என்னும் பகுதி உளது. அங்கே மலே வீதி என ஒன்றும் ஜாவா ஒழுங்கை என ஒன்றும் இருப்பதை நேயர் பலர் கண்டிருப்பர். இரண்டும் ஒரே மக்களைக் குறிக்கும் பெயர்களே. வந்து குடியேறியோர்க்கு இந்நகரம் எவ்வாறு பெயரிட்டது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

1656இல் கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், கீழைத் தீவுகளிலிருந்து போர்வீரரையும் கைதிகளையும் அடிமைகளையும் நாடுகடத்தப்பட்ட அரச குடும்பத்தினரையும் இங்கே கொணர்ந்தனர். யாவா, மதுரா, பாலி, மக்காசர், அம்போன் என அவர்தம் ஊர்கள் பல; மொழிகளும் பல. கொழும்போ அவ்வேற்றுமைகளைப் பொருட்படுத்தவில்லை. சிங்களவர் அனைவரையும் யாவா நாட்டார் என்றனர். 1796இல் வந்த ஆங்கிலேயர் மலாயர் என்றெழுதி, அப்பெயரால் ஒரு படையும் திரட்டினர். அதன் வழிவந்த படை 1873இல் கலைக்கப்பட்டது, பெயர் கலையவில்லை. 1869இலேயே பாபா யூனுஸ் சல்தீன் என்பார் அரபெழுத்தில் ‘ஆலமத் லங்காபுரி’ என்ற மலாய்ப் பத்திரிகையைக் கொழும்பிலே தொடங்கிவிட்டார். பிறர் இட்ட பெயர் தம் பெயராயிற்று.

மொழியும் மாறியது. தீவுகளின் மலாயில் வினைச்சொல் வாக்கியத்தின் நடுவே நிற்கும். இலங்கை மலாயிலோ, தமிழிலும் சிங்களத்திலும் போல, அது ஈற்றுக்குப் போய்விட்டது. பெயர்ச்சொற்களின் பின்னே வேற்றுமையுருபுகளும் வந்து ஒட்டிக்கொண்டன. சோனகரோடு ஒரே பள்ளிவாசலில் தொழுது, பெண்கொண்டும் கொடுத்தும் வாழ்ந்ததன் விளைவு இது. பெருநாட்களில் நாம் சுவைக்கும் வட்டலப்பம் மலாயர் தந்தது என்பர். அதன் பெயரோ வட்டில் அப்பம் என்ற தமிழே என்பாரும் உளர்!

சோனகர் கதை வேறு. 1505இல் வந்த போர்த்துக்கீசர், தம் நாட்டில் தாம் பொருத மூர்களின் பெயரைச் சுமந்துவந்து, தமிழ் பேசும் இவ்வணிகர்மீது வைத்தனர். ஆங்கிலக் குடிசன மதிப்பேடுகளில் இன்றும் அப்பெயரே வழங்குகிறது. சோனகரோ தம்மைச் சோனகர் என்று கூறுவதை விட்டாரில்லை.

பெயரின்றிப் போனவரும் உண்டு. 1344இல் கொழும்பைக் கண்ட இப்னு பதூதா, இங்கே ஏறக்குறைய 500 அபிசீனியர் இருந்தனர் என்கிறார். அவர்க்கென இன்று ஒரு தெருவும் இல்லை. ஏனையோருள் கலந்து மறைந்தனர் போலும்.

நாம் பறங்கியர் என்போர் தம்மைப் பேர்கர் என்பர். ஒல்லாந்தமொழியில் அச்சொல்லுக்கு நகரக் குடியினர் என்பதே பொருள். கொம்பனியின் ஊழியத்தில் இல்லாத ஐரோப்பியரை முதலிற் குறித்தது, பின்னர் ஓர் இனத்தின் பெயராயிற்று. 1956இல் சிங்களம் மட்டும் அரசகரும மொழியெனச் சட்டமானபின், ஆங்கிலத்தையே வீட்டு மொழியாகக் கொண்டிருந்த அவருட் பலர் அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினர். மெல்பேர்ணிலும் தம்மைப் பேர்கர் என்றே அறிமுகம் செய்தனர். அங்குள்ளார்க்கோ அச்சொல்லை விளக்கவேண்டியிருந்தது.