ஃபார்முலா தெரியும்... ஆனா கணக்கு வரலை! டிஜிட்டல் கார்டுகளை கணக்குப் பாடத்துக்குப் பயன்படுத்துவது எப்படி?

ப்ளஸ் டூ படிக்கும்போது எங்கள் வீட்டு பீரோ கண்ணாடியைச் சுற்றி முழுக்க ஃபார்முலாதான். கலர் பேப்பரில் எழுதி ஒட்டிவைத்திருந்தேன். தலை சீவும்போது பார்ப்பேன், யூனிஃபார்ம் மாட்டும்போது பார்ப்பேன். ஒரு வருடம் முழுக்க தினமும் பார்த்தேன். தேர்வு ஹாலில் உட்கார்ந்தபோது, நான் தேடிய ஃபார்முலா இடது பக்க மூலையில், பச்சை பேப்பரில், சிவப்பு மையில் இருந்தது வரைக்கும் ஞாபகம் வந்தது. அந்தப் பேப்பரில் என்ன எழுதியிருந்தேன் என்பது மட்டும் வரவே இல்லை.

"நமக்கு கணக்கு வராதுப்பா" என்று அன்றைக்கு முடிவு செய்தவள்தான். பல வருடங்கள் கழித்து, பத்தாம் வகுப்பு படிக்கும் சித்தி பொண்ணு அதே வசனத்தைச் சொன்னாள். அவளிடம் பேப்பர் இல்லை, போன் இருந்தது. அதில் யாரோ தயாரித்துவைத்த 300 ஃபார்முலா கார்டுகள். "தினமும் பார்க்கிறேன்க்கா. ஆனா கணக்கைப் பார்த்தா எதைப் போடணும்னே தெரியல" என்றாள். பீரோ கண்ணாடி போனுக்கு மாறியிருந்தது, அவ்வளவுதான்!

டிஜிட்டல் நோட் கார்டு கணக்குக்கு உதவுமா? நிச்சயமாக உதவும். ஆனால், கார்டில் என்ன எழுதுகிறோம் என்பதைப் பொறுத்தே எல்லாம்.

கார்டு ஆப் எப்படி வேலை செய்யுது?

1885-ல் ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர், அர்த்தமே இல்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று தன்மீதே சோதித்து எழுதினார். முதல் சில மணி நேரத்தில் மறதி படுவேகம், அதன் பிறகு மெதுவாகக் குறைகிறது. அப்படியென்றால், மறக்கப்போகிற நேரத்தில் ஒருமுறை நினைவுபடுத்திக்கொண்டால் போதுமே!

அதற்கு ஒரு எளிமையான பெட்டி முறையை 1972-ல் தன் புத்தகத்தில் சொன்னார் செபாஸ்டியன் லைட்னர். கார்டின் முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில். சரியாகச் சொன்னால் கார்டு அடுத்த பெட்டிக்குப் போகும், அந்தப் பெட்டியை இன்னும் சில நாள் கழித்துத்தான் திறப்போம். தப்பாகச் சொன்னால், திரும்பவும் முதல் பெட்டிக்கே. தெரிந்தது எப்போதாவது வரும், தெரியாதது அடிக்கடி வரும்.

1987-ல் போலந்தைச் சேர்ந்த பியோட்டர் வோஸ்னியாக் இந்த இடைவெளிக் கணக்கை கம்ப்யூட்டரிடம் ஒப்படைத்தார். 2006-ல் வந்த 'ஆங்கி' ஆப், அவருடைய முறையை அடிப்படையாக வைத்துத்தான் உருவானது. ஜப்பானிய மொழியில் ஆங்கி என்றால் மனப்பாடம் என்று அர்த்தம்.

பார்க்கிறது வேற, நினைவுக்குக் கொண்டுவர்றது வேற

2006-ல் ரோடிகர், கார்பிக்கே என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு குழு மாணவர்கள் ஒரு பாடப் பகுதியை நான்கு முறை படித்தார்கள். இன்னொரு குழு ஒரே முறை படித்துவிட்டு, மூன்று முறை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஒரு வாரம் கழித்து, நான்கு முறை படித்தவர்களுக்கு சுமார் 40% நினைவிருந்தது. எழுதிப் பார்த்தவர்களுக்கு 61%.

என் பீரோ கண்ணாடி ஏன் கைவிட்டது என்பதற்குப் பதில் இதுதான். பதில் கண்ணெதிரே இருக்கும்போது 'தெரியுமே' என்று தோன்றும். அது பழகிய முகம், அவ்வளவுதான். பெயரைச் சொல்லச் சொன்னால்தான் தெரியும், உண்மையிலேயே தெரியுமா தெரியாதா என்று. அதனால், பதிலைச் சொல்வதற்கு முன்பே கார்டைத் திருப்பினால், அதுவும் கண்ணாடியில் ஒட்டிய பேப்பர்தான்.

கணக்குக்கு கார்டு எங்கே சொதப்பும்?

வார்த்தைக்கு அர்த்தம் சொல்வதுபோல கணக்கை நடத்தினால் சொதப்பும். 'கூம்பின் கன அளவு என்ன?' என்று கார்டு கேட்கும், நாம் பதில் சொல்வோம். ஆனால், தேர்வில் யாரும் அப்படிக் கேட்பதில்லை. "கோதுமைக் குவியல் கூம்பு வடிவில் இருக்கிறது, அதை மூட கேன்வாஸ் எவ்வளவு வேண்டும்?" என்பார்கள். இங்கே வேண்டியது கன அளவே இல்லை, வளைபரப்பு. எந்த ஃபார்முலா என்று கண்டுபிடிப்பதுதான் பாதிக் கணக்கு. சித்தி பொண்ணு வைத்திருந்த 300 கார்டில் ஒன்றுகூட அதைக் கேட்கவில்லை.

இன்னொரு சொதப்பல், முழுக் கணக்கையும் ஒரே கார்டில் போடுவது. நான்காவது முறை வரும்போது கணக்கு புரியாமலேயே 'விடை 79' என்று மனசு சொல்லிவிடும். நாம் கற்றுக்கொண்டது அந்தக் கார்டைத்தான், கணக்கை அல்ல!

அப்போ எந்த மாதிரி கார்டு போடணும்?

1. 'முதல்ல என்ன செய்வே?' கார்டு

முன்பக்கம்: கலங்கரை விளக்கத்தின் உச்சியிலிருந்து பார்த்தால், ஒரே பக்கத்தில் இரண்டு படகுகள் 30°, 45° இறக்கக் கோணத்தில் தெரிகின்றன. இடைப்பட்ட தூரம் வேண்டும். முதல் வேலை என்ன?

பின்பக்கம்: படம் வரை. இறக்கக் கோணத்தை, படகிலிருந்து பார்க்கும் ஏற்றக் கோணமாக மாற்று. இரண்டு செங்கோண முக்கோணம் கிடைக்கும். இரண்டிலும் உயரம் ஒன்றுதான், டேன் போடு.

விடை வேண்டாம். தொடங்கத் தெரிந்தால் மீதியை நோட்டில் போட்டுக்கொள்ளலாம்.

2. 'எது, எப்போ?' கார்டு

முன்பக்கம்: சம்பளம் வருடத்துக்கு 500 ரூபாய் கூடுகிறது என்றால் கூட்டுத் தொடரா, பெருக்குத் தொடரா? வருடத்துக்கு 5% கூடினால்?

பின்பக்கம்: ஒரே தொகை கூடினால் கூட்டுத் தொடர். ஒரே விகிதத்தில் கூடினால் பெருக்குத் தொடர்.

3. 'ஏன்?' கார்டு

முன்பக்கம்: சைன் 30° ஏன் 1/2?

பின்பக்கம்: பக்கம் 2 உள்ள சமபக்க முக்கோணத்தைச் சரிபாதியாக வெட்டு. 30°-க்கு எதிர்ப்பக்கம் 1, கர்ணம் 2.

காரணம் தெரிந்தால், மறந்துபோனாலும் திரும்பக் கண்டுபிடித்துவிடலாம். தேர்வு ஹாலில் எனக்கு இல்லாமல் போனது அந்தக் கயிறுதான்.

4. 'எங்கே தப்பு?' கார்டு

முன்பக்கம்: 3, 7, 11... இதில் 20-வது உறுப்பு 3 + 20 × 4 = 83. எங்கே தப்பு?

பின்பக்கம்: முதல் உறுப்பிலிருந்து 20-வது உறுப்புக்கு 19 தாவல்தான். 3 + 19 × 4 = 79.

இருப்பதிலேயே விலை உயர்ந்த கார்டு இதுதான். காரணம், இதை யாரும் தயாரித்துத் தர முடியாது. டெஸ்ட் பேப்பரில் சிவப்பு மை எங்கே விழுந்ததோ, அதெல்லாம் உங்கள் அடுத்த கார்டு.

5. கடைசியா, ஃபார்முலா கார்டு

இதுவும் வேண்டும்தான். அந்தக் காலத் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை மனப்பாடம் செய்யவைத்ததும் இதற்குத்தானே! 7 × 8 சட்டென்று வந்தால்தான் மூளை மீதிக் கணக்கை யோசிக்கும். ஒரே விதி, ஒரு கார்டுக்கு ஒரே ஒரு விஷயம். உருளையின் கன அளவு, வளைபரப்பு, மொத்தப் பரப்பு என்றால் மூன்று கார்டு.

பாடம் பாடமா பிரிக்காதீங்க!

ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனி கட்டு போடுவதுதான் எல்லோரும் முதலில் செய்வது. பார்க்க அழகாக இருக்கும். ஆனால், 'முக்கோணவியல்' என்று தலைப்பு போட்ட கட்டைத் திறந்ததுமே பாதி பதில் கிடைத்துவிடுகிறதே!

2007-ல் டக் ரோரர், கெல்லி டெய்லர் என்ற ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களுக்கு நான்கு விதமான திட உருவங்களின் கன அளவைக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு குழு வகைவகையாகப் பிரித்துப் பயிற்சி செய்தது. இன்னொரு குழு எல்லாவற்றையும் கலந்து செய்தது. பயிற்சியின்போது பிரித்துச் செய்தவர்கள் 89% சரி, கலந்தவர்கள் 60%தான். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் நிலைமை தலைகீழ். பிரித்தவர்கள் 20%, கலந்தவர்கள் 63%!

அது கார்டு ஆய்வு இல்லை, கணக்குப் பயிற்சி ஆய்வு. ஆனால் பாடம் ஒன்றுதான். கலந்து செய்யும்போது நிறைய தப்பு வரும், எரிச்சலாக இருக்கும், 'நான் மக்கு' என்று தோன்றும். அந்தக் கஷ்டம்தான் தேர்வில் கைகொடுக்கிறது. அதனால் கணக்குக்கு ஒரே கட்டு போடுங்கள். பாடத்தின் பெயரை கார்டில் டேக்காக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எப்படித் தொடங்கலாம்?

எந்த ஆப்? ஆண்ட்ராய்டு போனில் 'ஆங்கிட்ராய்டு' இலவசம். கம்ப்யூட்டரிலும் ஆங்கி இலவசம். ஐபோன் ஆப்புக்குப் பணம் கட்டணும். கேள்வி பதில் போடும் வசதியுள்ள வேறு ஆப் இருந்தாலும் ஓகே. ஆப்பைவிட கேள்விதான் முக்கியம்.

டைப் பண்ண வேண்டாம். பின்னம், வர்க்கமூலத்தையெல்லாம் போனில் டைப் செய்ய உட்கார்ந்தால் அன்றைக்கே வெறுத்துவிடும். நோட்டில் கையால் எழுதி போட்டோ எடுத்து கார்டில் போடுங்கள்.

புது கார்டு, ஒரு நாளைக்கு ஐந்து. ஆங்கி தானாக ஒரு நாளைக்கு 20 புது கார்டுகள் தரும். செட்டிங்ஸில் அதைக் குறைத்துவிடுங்கள். இன்று சேர்க்கும் ஒவ்வொரு கார்டும் நாளைக்கும் அடுத்த வாரமும் திரும்பி வரும் கடன். முதல் வாரம் ஆர்வத்தில் 100 கார்டு சேர்த்துவிட்டு, மூன்றாவது வாரம் குவியலைப் பார்த்து ஆப்பையே தூக்குகிறவர்கள்தான் அதிகம்.

ரஃப் நோட் பக்கத்தில் இருக்கட்டும். பதிலை எழுதிவிட்டு அப்புறம் கார்டைத் திருப்புங்கள். தப்பென்றால் தயங்காமல் 'அகெய்ன்' அழுத்துங்கள். 'கிட்டத்தட்ட வந்துச்சே' என்று 'குட்' அழுத்தினால், அந்தக் கார்டு பல நாள் கண்ணில் படாது.

நோட்டிஃபிகேஷனை ஆஃப் பண்ணுங்க. காரணம் சொல்லணுமா என்ன?

போனே வேண்டாம் என்று வீட்டில் சொல்கிறார்களா? பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகளை வெட்டி, செருப்பு டப்பாவை ஐந்தாகத் தடுத்தால் லைட்னர் பெட்டி ரெடி. முதல் தடுப்பு தினமும், இரண்டாவது இரண்டு நாளைக்கு ஒருமுறை என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போங்கள்.

கார்டு செய்யாதது

பாடம் புரியவில்லை என்றால் கார்டு புரியவைக்காது. முதலில் டீச்சரிடமோ நண்பரிடமோ கேட்டுப் புரிந்துகொண்டு, அப்புறம்தான் கார்டு. அதேபோல பேப்பரில் முழுக் கணக்கைப் போட்டுப் பழகுவதற்கு மாற்று எதுவும் இல்லை. கார்டுக்கு 15 நிமிடம் என்றால், நோட்டுக்கு அதைவிடக் கூடுதல் நேரம் வேண்டும்.

சித்தி பொண்ணின் 300 கார்டை அழித்துவிட்டோம். அவளே எழுதிய கார்டுகள் இப்போது 60-தான் இருக்கும். போன வாரம் கிளாஸ் டெஸ்ட். "எவ்வளவு மார்க்?" என்று கேட்டேன். மார்க்கைச் சொல்லவில்லை. பேப்பரை நீட்டி, சிவப்பு மையால் சுழித்த ஓர் இடத்தைக் காட்டினாள்.

"விட்டத்தை ஆரம்னு நினைச்சுப் போட்டுட்டேன்க்கா. கார்டு போட்டாச்சு."

'கணக்கு வராது' என்று இந்த முறை அவள் சொல்லவில்லை.