சவப்பேழையில் குத்திய சீட்டு

1604-ல் கான்டர்பரி பேராயர் ஜான் விட்கிஃப்ட் இறந்தார். பியூரிட்டன்களைப் பாடாய்ப் படுத்தியவர். இறுதிச் சடங்கில் அவருடைய சவப்பேழை அலங்காரத்தின் மேல் ஒரு வசைப்பாட்டுச் சீட்டு குத்தப்பட்டிருந்தது. எழுதியவர் லூயிஸ் பிக்கரிங் என்ற பியூரிட்டன். விவகாரம் ஸ்டார் சேம்பர் நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே ஜூரி கிடையாது; மன்னரின் ஆலோசகர்களும் நீதிபதிகளும் வைத்ததுதான் சட்டம்.

அரசுத் தரப்பில் வாதாடிய எட்வர்ட் கோக் பிறகு அந்த வழக்கைத் தன் தொகுப்பில் பதிந்து வைத்தார். எழுதியது உண்மையா பொய்யா என்பது பொருட்டல்ல. செத்தவரைப் பற்றித்தானே எழுதினேன் என்பதும் செல்லாது. அவருடைய உறவுக்காரர்கள் பழிவாங்கக் கிளம்புவார்கள், ஊர் அமைதி கெடும். அதனால் அது குற்றம். மானம் போனால் கத்தியை உருவும் காலம் அது. பொய்யென்றால் சிரித்துவிட்டுப் போகலாம், உண்மைதான் சுடும் என்ற கணக்கில், உண்மை பெரிதானால் அவதூறும் பெரிது என்றே பின்வந்த வழக்கறிஞர்கள் பேசினார்கள். 1641-ல் ஸ்டார் சேம்பரையே ஒழித்துக்கட்டினார்கள். அது போட்ட விதி மட்டும் மற்ற நீதிமன்றங்களில் குடியேறிவிட்டது.

இந்தியாவுக்கு அதைக் கொண்டுவந்தவர் மெக்காலே என்று பொதுவாகத் திட்டுவோம். இந்த ஒரு விஷயத்தில் அந்த மனிதருக்கு நாம் நியாயம் செய்யவில்லை. 1834-ல் சென்னையில் வந்திறங்கி, ஊட்டி போய், கல்கத்தா சேர்ந்தவர், 1835-ல் சட்ட ஆணையத்துக்குத் தலைவரானார். அடுத்த ஆண்டே, வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் இருந்த ஒரு மேல்முறையீட்டுச் சலுகையைப் பறிக்க, கல்கத்தாவின் ஆங்கிலப் பத்திரிகைகள் அவரைக் கிழித்துத் தோரணம் கட்டின. மோசடிக்காரன், பித்தலாட்டக்காரன் என்று தினமும் அர்ச்சனை. உடன் வாழ்ந்த தங்கை ஹன்னாவின் கண்ணில் படாதபடி அவர் அந்த இதழ்களை அப்புறப்படுத்த வேண்டியிருந்தது. கையில் பேனா, எதிரே குற்றச் சட்டம் எழுத வெற்றுத்தாள். வேறொருவராக இருந்தால் பழி தீர்த்திருப்பார்.

1837-ல் அவர் கொடுத்த வரைவிலும் அவதூறு குற்றம்தான். ஆனால் அமைதி கெடும் என்ற பழைய காரணத்தை அவர் ஏற்கவில்லை. ஒருவரின் நற்பெயருக்கு நேரும் காயமே குற்றம் என்றார். அதைவிட முக்கியம், சொன்னது உண்மையானால் குற்றமே இல்லை என்று எழுதினார். நிபந்தனை எதுவும் கிடையாது.

வரைவு இருபது வருடத்துக்கு மேல் தூங்கியது. 1860-ல் அது இந்திய தண்டனைச் சட்டமாக நிறைவேறியபோது உண்மைக்கு ஒரு வால் முளைத்திருந்தது: உண்மையாக இருந்தால் போதாது, அதைச் சொல்வது பொதுநன்மைக்கும் உகந்ததாக இருக்க வேண்டும். அதை நிரூபிக்கும் பொறுப்பு சொன்னவர் தலையில். இப்படிப் பிறந்ததுதான் 499-வது பிரிவு. அதன் முதல் விளக்கத்தைப் படித்துப் பாருங்கள்: இறந்தவரைப் பற்றிச் சொன்னதும், குடும்பத்தாரைப் புண்படுத்தும் நோக்கமிருந்தால், அவதூறாகலாம். பிக்கரிங்கின் சீட்டு வாடை இன்னும் போகவில்லை.

பேச்சு, எழுத்து, சைகை, கண்ணுக்குத் தெரியும் உருவம், எல்லாம் அந்தப் பிரிவுக்குள் அடக்கம். மீம் என்ற ஒன்று வரும் முன்பே அதற்கும் இடம் ஒதுக்கிவிட்டார்கள். 2018-ல் அர்விந்த் கெஜ்ரிவால் ஒரு வீடியோவை ரீட்வீட் செய்தார். அப்படிப் பகிர்வதும் அவதூறாகலாம் என்று 2024 பிப்ரவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. தண்டனை இரண்டு வருடம் வரை. உண்மையில் ஆளை வாட்டுவது தண்டனையல்ல, சம்மனும் வாய்தாவும்தான். போனில் ஒரு விரல் தட்டியதற்கு வேலையை விட்டுவிட்டு, வக்கீல் ஃபீஸும் கொடுத்து, எங்கோ ஓர் ஊரின் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் காத்துக் கிடக்க வேண்டும். பத்திரிகை முதலாளிக்கு இது செலவுக் கணக்கு. தனி ஆளுக்கு வாயைப் பூட்டும் பூட்டு.

ஜெயலலிதா அரசு போட்ட வழக்குகளை எதிர்த்துச் சுப்பிரமணியன் சுவாமி உச்ச நீதிமன்றம் போனார். ராகுல் காந்தி, கெஜ்ரிவால் மனுக்களும் சேர்ந்தன. நற்பெயரும் வாழும் உரிமையில் சேர்ந்தது என்று 2016 மே 13-ல் நீதிமன்றம் பிரிவைக் காப்பாற்றியது. நற்பெயருக்கு மதிப்பு உண்டு என்பதில் எனக்கும் சண்டையில்லை. இழப்பீடு கேட்க சிவில் கோர்ட் இருக்கிறதே, ஜெயில் எதற்கு?

இலங்கை 2002-லேயே இதைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. பெற்றெடுத்த இங்கிலாந்து 2010 ஜனவரியில் ஒழித்தது. நாம் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 356 என்று எண்ணை மாற்றி, சமூக சேவை என்றொரு தண்டனையையும் சேர்த்து வைத்திருக்கிறோம். காலனிச் சட்டத்தைக் களைவதாகச் சொன்னவர்கள் பிரிவை முழுதாக நீக்க மனமில்லையென்றால், உண்மைக்கு ஒட்டவைத்த அந்த வாலையாவது நறுக்கட்டும்.